மாற்று கோலா விற்றவர்களா, மூலப்பொருள் கேட்டவர்களா? பன்னாட்டு பிராண்டுகளை அசைத்தது யார்?

#1 வைகைக்கரையான்

வணக்கம். மறுபடியும் வாட்ஸப்பில் பட்டியல்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. இந்த பிஸ்கட்டை வாங்காதே, அந்த ஷாம்பூ நமக்கு எதிரானவர்களுடையது, அதற்குப் பதில் நம்மவர்களின் சோப்பை வாங்கு என்று. இந்துக் குழுக்களிலிருந்தும் வருகிறது, முஸ்லிம் குழுக்களிலிருந்தும் வருகிறது. பெயர்கள்தான் வேறு. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மத நம்பிக்கை உள்ளவர்கள் பன்னாட்டுக் கம்பெனிகளை இரண்டு விதமாக எதிர்கொண்டிருக்கிறார்கள். ஒன்று, அதே பொருளை நம் அடையாளத்தை ஒட்டி நாமே விற்பது. இன்னொன்று, "இதற்குள் என்ன போடுகிறாய், சொல்" என்று கேட்பது. முதல் வழியில் சத்தம் அதிகம். ஆனால் தயாரிப்பு முறையையே மாற்ற வைத்தது இரண்டாவது வழிதான்.

இதற்கு நான் பார்த்தவரை மிகச் சிறந்த உதாரணம் கோக்க கோலா. 1886-ல் அட்லாண்டாவில் தொடங்கிய அந்தப் பானம் 1930-களில் அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது. யூத வீட்டுப் பிள்ளைகளும் குடித்தார்கள். யூதர்களின் உணவு விதிகளுக்கு, அதாவது கோஷருக்கு, இது உட்பட்டதா என்று பல ஊர்களில் இருந்த யூத மதகுருக்களுக்குச் சந்தேகம். கம்பெனி இருக்கும் ஊரிலேயே ரபி டோபியாஸ் கெஃபன் என்ற லித்துவேனியக் குரு இருந்தார். எல்லோரும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள்.

கோலாவின் சூத்திரம் எவ்வளவு பெரிய ரகசியம் என்று தெரியும். ஆனாலும் கம்பெனியின் வழக்கறிஞர் ஹரோல்ட் ஹிர்ஷ் மூலமாக, யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு, மூலப்பொருள் பட்டியலை கெஃபனுக்குக் காட்டினார்கள். அதில் மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின் இருந்தது. மிக மிகக் குறைந்த அளவுதான். யூத விதிப்படி, விலக்கப்பட்ட பொருள் தவறுதலாக அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்துவிட்டால் அது இல்லாததாகவே கருதப்படும். அதைக் காட்டி கெஃபன் எளிதாக அனுமதி கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. இது தவறி விழுந்ததில்லை, வேண்டுமென்றே சேர்ப்பது, அதனால் அந்தச் சலுகை செல்லாது என்று சொல்லிவிட்டார்.

கம்பெனி கிளிசரினை மாற்றியது. பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்தும் தேங்காய் எண்ணெயிலிருந்தும் எடுத்ததைப் பயன்படுத்தத் தொடங்கியது. பஸ்கா பண்டிகைக் காலத்தில் யூதர்கள் தானியத்திலிருந்து வந்த ஆல்கஹாலைத் தொட மாட்டார்கள். அதற்கும் மாற்று கண்டுபிடித்தார்கள். 1935-ல் கெஃபன் தன் தீர்ப்பை எழுதினார். ரகசியம் காக்க, அந்தப் பொருட்களுக்கு மாற்றுப்பெயர் வைத்தே எழுதினார். ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் மதகுரு கேட்ட கேள்விக்காக, உலகின் மிகப் பிரபலமான பானம் தன் உள்ளடக்கத்தை மாற்றிக்கொண்டது. எனக்கு இது பிரமிப்பாக இருக்கிறது.

இப்போது மற்ற வழியைப் பாருங்கள். 2002 நவம்பர், ரமலான் மாதம். துனிசியாவில் பிறந்த தவ்ஃபிக் மத்லூதி பிரான்சில் மக்கா கோலாவை இறக்கினார். லாபத்தில் 10 சதவீதம் பாலஸ்தீனக் குழந்தைகளுக்கு என்று அறிவித்தார். சிவப்பு லேபிள், வெள்ளை எழுத்து, உள்ளே அதே இனிப்புச் சாயத் தண்ணீர். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் டெர்பி நகரிலிருந்து கிப்லா கோலா வந்தது. 2005-ல் அந்தக் கம்பெனி திவாலாகிவிட்டது. இவர்களுடைய கோபம் நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோக்க கோலாவில் இவர்களால் எந்த மாற்றமும் வரவில்லை.

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

#2 கிள்ளான் மணி

நல்ல தலைப்பு அண்ணே. கெஃபன் கதை எனக்குப் புதிது.

மலேசியாவில் நாங்கள் இந்த "உள்ளே என்ன" கேள்விக்கு நடுவில்தான் வாழ்கிறோம். ஜாக்கிம் என்ற அரசு இஸ்லாமியத் துறையின் ஹலால் முத்திரை இல்லாமல் இங்கே எந்தப் பெரிய உணவு பிராண்டும் பிழைக்க முடியாது. அதில் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்பது எப்போதும் இவ்வளவு அமைதியாக நடப்பதில்லை. 2014 மே மாதம் கேட்பரி சாக்லேட் இரண்டு வகைகளில் பன்றியின் மரபணுத் தடயம் இருப்பதாக சுகாதார அமைச்சின் சோதனையில் வந்தது. கம்பெனி உடனே திரும்பப் பெற்றுக்கொண்டது. புறக்கணிக்கச் சொல்லி அமைப்புகள் கிளம்பின. அடுத்த மாதமே, தொழிற்சாலையில் எடுத்த மாதிரிகளில் அப்படி எதுவும் இல்லை என்று ஜாக்கிம் அறிவித்தது. இடைப்பட்ட நாட்களில் மக்கள் மனதில் ஏறியது ஏறியதுதான்.

இன்னொன்று, புறக்கணிப்பு. 2023 அக்டோபரில் இஸ்ரேலில் மெக்டொனால்ட்ஸ் கிளைகளை நடத்தியவர் ராணுவத்தினருக்கு இலவச உணவு கொடுத்தார். அதன் வெப்பம் எங்கள் ஊர் வரை அடித்தது. 2024 ஏப்ரலில் இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கே.எஃப்.சி. கடைகளைத் தற்காலிகமாக மூடினார்கள். பொருளாதார நிலைமைதான் காரணம் என்றது நிறுவனம். ஊரில் எல்லோரும் புறக்கணிப்புதான் என்றார்கள். இங்கே கே.எஃப்.சி. நடத்தும் நிறுவனத்தில் ஜொகூர் மாநில அரசின் ஜொகூர் கார்ப்பரேஷனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மலாய் முஸ்லிம்கள். பெயர்ப்பலகை அமெரிக்கா, அடுப்படியில் நிற்பவர் நம் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. அந்தப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 2024 ஏப்ரலில், மெக்டொனால்ட்ஸ் தலைமை நிறுவனம் இஸ்ரேலில் இருந்த 225 கடைகளையும் அந்த உரிமதாரரிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. புறக்கணிப்பால் எதுவும் அசையவில்லை என்று எப்படிச் சொல்வது?

#3 ஜெர்சி வாசி

அமெரிக்காவிலிருந்து எழுதுகிறேன். கேள்வி கேட்டவர்கள் பக்கத்துக்கு இன்னொரு சாட்சி: மெக்டொனால்ட்ஸ் உருளைக்கிழங்கு வறுவல்.

முன்பு அதை மாட்டுக் கொழுப்பில் பொரித்தார்கள். 1990-ல், இனி தாவர எண்ணெய்தான் என்று அறிவித்தார்கள். இங்கே இருந்த சைவக் குடும்பங்கள் அதை நம்பின. சைவர்கள் தயக்கமில்லாமல் சாப்பிடக்கூடியது வறுவல் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. ஆனால் அமெரிக்க வறுவலில் "இயற்கைச் சுவையூட்டி" என்ற பெயரில் மாட்டிறைச்சிச் சாறு சேர்ந்துகொண்டே இருந்தது. 2001 மே மாதம் ஹரிஷ் பார்தி என்ற வழக்கறிஞர் சியாட்டிலில் வழக்குப் போட்டார். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. 2002-ல் 1 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. பெரும்பகுதி சைவ உணவு அமைப்புகளுக்கும் மற்றது இந்து, சீக்கிய, கோஷர் அமைப்புகள் போன்றவற்றுக்கும் என்று பிரித்தார்கள்.

அதே சமயம் மும்பைப் பக்கம் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். இந்தியாவில் விற்கும் வறுவலில் மாட்டுப் பொருள் எதுவும் இல்லை என்று கம்பெனி சொல்லியும் கேட்கவில்லை. ஒரே பிரச்சினை, ஒரு இடத்தில் வழக்கு, இன்னொரு இடத்தில் கல்லெறி. எது பலன் தந்தது என்று பார்த்தால் வைகைக்கரையான் சொல்வது சரிதான்.

#4 திருப்பூர் தோழன்

நண்பர் வைகைக்கரையான் நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் அடிப்படையிலேயே எனக்கு மறுப்பு உண்டு.

முதலில், மக்கா கோலா தோற்றது அடையாளத்தை விற்றதால் இல்லை. லாரி, குளிர்பெட்டி, கடை வாசலில் இடம், விளம்பரப் பணம், இவை இல்லாததால் தோற்றது. இதே விஷயத்தில் ஈரானின் ஜம்ஜம் கோலாவைப் பாருங்கள். 1954-ல் பெப்சியோடு சேர்ந்து தொடங்கிய தொழில் அது. 1979 புரட்சிக்குப் பிறகு அரசு சார்ந்த அறக்கட்டளையின் கைக்குப் போனது. பாட்டில் ஆலைகளும் விநியோகமும் ஏற்கெனவே இருந்தன. அதனால் நின்றது. 2002-ல் வளைகுடாவில் அமெரிக்கக் கோலாக்களைப் புறக்கணித்தபோது சவூதி வரை போய் விற்றது.

நம் ஊரிலேயே காளிமார்க் இருக்கிறதே. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய குளிர்பானக் கம்பெனி. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது அதன் பொவண்டோவைத் தேடி வாங்கினார்கள். மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அது மத அடையாளம் இல்லை, ஆனாலும் அடையாளம்தான். பொவண்டோ இன்றும் கடையில் இருக்கிறது. கோக்கும் பெப்சியும் அதே கடைக்குத் திரும்பிவிட்டன.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். கம்பெனி தன்னை மாற்றிக்கொண்டது என்று கொண்டாடுகிறீர்கள். கம்பெனி எதை இழந்தது? கிளிசரினை மாற்றிவிட்டு ஒரு புதிய சந்தையைப் பிடித்தது. மெக்டொனால்ட்ஸ் 1996 அக்டோபரில் டெல்லி வசந்த் விஹாரில் முதல் கடை திறந்தபோது மாடும் இல்லை, பன்றியும் இல்லை. சைவத்துக்குத் தனி அடுப்பு, தனி ஆட்கள், முட்டையில்லாத மயோனைஸ், கூடவே மகாராஜா மேக் என்ற பர்கர். மதத்துக்கு மதிப்புக் கொடுத்தது போலத் தெரியும். உண்மையில் மதம் அவர்களுக்கு ஒரு நுழைவுச்சீட்டு. உள்ளே வந்த பிறகு நம் குழந்தைகளின் நாக்கை மாற்றினார்கள். அதைப் பற்றி எந்த மதகுரு கேள்வி கேட்டார்?

அப்புறம், பச்சைப் புள்ளி. 2001-லிருந்து பாக்கெட்டில் சைவ, அசைவக் குறி கட்டாயம். நல்லதுதான். ஆனால் பாக்கெட்டில் ஆரம்பித்தது பாக்கெட்டோடு நிற்கிறதா? வாடகைக்கு வீடு கேட்டால் "சைவமா" என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் முட்டை போடலாமா என்று பல மாநிலங்களில் சண்டை நடக்கிறது. உணவைப் பிரிக்கும் கோடு மனிதர்களைப் பிரிக்கும் கோடாக ஆவதை நான் தினமும் பார்க்கிறேன்.

#5 வைகைக்கரையான்

மணி, அந்தக் கடைகளை வாங்கியது உண்மை. புறக்கணிப்பின் அழுத்தம் அதில் இருந்திருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் உங்கள் ஊர்க்காரர்கள் கேட்டது கடையின் உரிமை யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதை இல்லையே. என்ன கிடைக்க வேண்டும் என்பதைத் துல்லியமாகக் கேட்காத போராட்டத்துக்கு, கம்பெனி தனக்கு வசதியான பதிலைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. கெஃபனிடம் அது நடக்கவில்லை. ஒரே ஒரு பொருளைச் சுட்டி, இதை எடு என்றார்.

தோழரே, கம்பெனிக்கும் லாபம் வந்தது என்பது சரி. கம்பெனி நஷ்டப்பட வேண்டும் என்பது என் நோக்கம் இல்லை. தான் வாய்க்குள் போடுவது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை சாதாரண மனிதருக்குக் கிடைத்ததா என்பதுதான் என் அளவுகோல். குழந்தைகளின் நாக்கு பற்றி நீங்கள் சொன்னது என்னைச் சுடுகிறது. அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

#6 கல்முனை வாசகி

இரண்டு நாட்களாக வாசித்துக்கொண்டிருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

வைகைக்கரையான் ஐயா, கேள்வி கேட்பதுதான் சரியான வழி என்கிறீர்கள். எங்கள் நாட்டில் அந்தக் கேள்விக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். இலங்கையில் அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா என்ற முஸ்லிம் மார்க்க அறிஞர் சபை ஹலால் சான்றிதழ் கொடுத்துவந்தது. பிஸ்கட், பால்மா, கோழி இறைச்சி என்று பல சாமான்களில் அந்தச் சின்னம் இருக்கும். யாரையும் வற்புறுத்தி ஒட்டியது இல்லை. மத்திய கிழக்குக்கு ஏற்றுமதி செய்யும் சிங்கள முதலாளிகளும் தாங்களாகவே கேட்டு வாங்கினார்கள். எங்களுக்கு அது பெரிய நிம்மதி. கடையில் நின்று ஒவ்வொரு பெட்டியாகச் சந்தேகப்படத் தேவையில்லை.

பிறகு பொது பல சேனா என்ற சிங்கள பௌத்த அமைப்பு வந்தது. ஹலாலுக்கான செலவை பௌத்தர்களும் சேர்த்துக் கட்டுகிறார்கள், நாட்டின் மீது ஒரு மதச் சட்டத்தைத் திணிக்கிறார்கள் என்று பிரசாரம் செய்தார்கள். 2013 பெப்ரவரியில் மகரகமவில் பெரிய கூட்டம் போட்டு ஹலால் சின்னத்தை எடுக்கச் சொன்னார்கள். மார்ச்சில் உலமா சபை, நாட்டின் அமைதிக்காக என்று சொல்லி, உள்ளூர்ச் சந்தையில் அந்தச் சின்னத்தை விட்டுக்கொடுக்க முன்வந்தது. விட்டுக்கொடுத்த பிறகாவது அமைதி வந்ததா? அதே மார்ச் கடைசியில் பெப்பிலியானவில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான பெரிய துணிக்கடையைத் தாக்கினார்கள். துணிக்கு ஏது ஹலால்?

பிறகு ஹலால் அங்கீகாரப் பேரவை என்ற தனி நிறுவனம் அந்த வேலையை ஏற்றது. சின்னம் திரும்ப வந்தது. ஆனால் அந்த மாதங்களில் நாங்கள் கற்றதை மறக்க முடியாது. "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்பதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. கெஃபன் கேட்டபோது அவர் பக்கம் நியாயம் இருந்தது, கூடவே கம்பெனிக்குள் நுழைய ஒரு வழக்கறிஞரும் இருந்தார். எங்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்?

தோழர் சொன்ன கோடு இதுதான். ஆனால் கோட்டைப் போட்டது சின்னம் இல்லை தோழர். சின்னம் இல்லாதபோதும் எங்களை அடித்தார்கள்.

#7 கிள்ளான் மணி

சகோதரி, வாசித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. பெரும்பான்மையாக இருந்து கேட்பதும் சிறுபான்மையாக இருந்து கேட்பதும் ஒன்றில்லை என்பதற்கு எங்கள் அண்டை நாடே சாட்சி. இந்தோனேசியாவில் 2001 ஜனவரியில் அஜினமோட்டோ விவகாரம். உப்பு போன்ற அந்தச் சுவையூட்டியில் பன்றி இல்லை. அதைத் தயாரிக்கும் பாக்டீரியாவை வளர்க்கும் ஊட்டப்பொருளைச் செய்ய, பன்றியிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்தியிருந்தார்கள். சான்றிதழைப் புதுப்பிக்கும் ஆய்வில் இது தெரியவந்தது. அந்நாட்டு உலமா சபை ஹராம், அதாவது விலக்கப்பட்டது, என்றது. ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித், அவரே பெரிய மார்க்க அறிஞர், சாப்பிடலாம் என்றார். மக்கள் உலமா சபை பக்கம் நின்றார்கள். ஆயிரக்கணக்கான டன் சரக்கைக் கம்பெனி திரும்பப் பெற்றது, ஊட்டப்பொருளையும் மாற்றியது. ஜனாதிபதியின் சொல்லைக்கூட மீறும் பலம் அங்கே அந்தக் கேள்விக்கு இருந்தது. இப்போது உணவு, பானங்களுக்கு ஹலால் சான்று சட்டப்படியே கட்டாயம். பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கிறது.

#8 ஜெர்சி வாசி

ஒருவர் கேட்ட கேள்வி இன்னொருவருக்கு உதவுவதை இங்கே தினமும் பார்க்கிறேன். அமெரிக்கக் கடைகளில் பாக்கெட் மூலையில் வட்டத்துக்குள் ஒரு ஆங்கில யூ எழுத்து இருக்கும். அது யூதர்களின் கோஷர் முத்திரை. வாங்குபவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் இல்லை. பக்கத்தில் ஹலால் கடை இல்லாத முஸ்லிம்கள், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், நம் ஊர் சைவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து வாங்குகிறார்கள். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: "பார்வே" என்று இருந்தால் இறைச்சியும் பாலும் இல்லை என்றுதான் பொருள். மீனும் முட்டையும் இருக்கலாம்.

பஸ்கா சமயத்தில் மஞ்சள் மூடி போட்ட கோக் வரும். 1980-களில் இங்கே கோக்கில் சர்க்கரைக்குப் பதில் சோளப்பாகு வந்துவிட்டது. பல யூதர்கள் பஸ்காவில் சோளம் சேர்ப்பதில்லை. அதனால் அவர்களுக்காக அந்தச் சில வாரங்கள் மட்டும் சர்க்கரை போட்ட கோக். அதன் ருசிக்காக மற்றவர்களும் தேடி வாங்கி அடுக்குகிறார்கள்.

#9 வைகைக்கரையான்

கல்முனை வாசகி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. கேட்பவருக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் "கேளுங்கள்" என்று நான் தூரத்தில் உட்கார்ந்து சொல்வது போதாது. ஆனால் அதனால்தான் இந்தக் கேள்வி ஒரு மதத்தின் சொத்தாக இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டுப் பெற்றது சட்டத்தில் ஏற வேண்டும்.

சிப்ஸ், நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம் ஐ.என்.எஸ். 631 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவைகூட்டியை மீனிலிருந்தும் எடுக்கலாம், இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம், மரவள்ளி மாவை நொதிக்க வைத்தும் எடுக்கலாம். எண்ணைப் பார்த்தால் எது என்று தெரியாது. இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பசுப் பாதுகாப்பு அமைப்பு வழக்குப் போட்டது. 2021 டிசம்பரில் நீதிமன்றம், எவ்வளவு சிறிய அளவானாலும், அது தாவரமா விலங்கா என்பதை முழுமையாகத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கேட்டவர்கள் யார் என்பதை விடுங்கள். அந்த உத்தரவால் பன்றியைத் தவிர்க்கும் முஸ்லிமுக்கும் பலன், சமணருக்கும் பலன், மீன் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் பலன்.

அடையாளத்தை விற்கும் நம் நாட்டு பிராண்டுகளும் இந்தக் கேள்விக்கு விலக்கில்லை. 2006-ல் தொடங்கிய பதஞ்சலி, சுதேசி என்றும் ஆயுர்வேதம் என்றும் சொல்லி வளர்ந்தது. அதைப் பார்த்து 2016-ல் கோல்கேட்டே வேதசக்தி என்று ஒரு பற்பசை கொண்டுவந்தது. அந்த அளவுக்குச் சந்தையை அசைத்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2024-ல் அவர்களுடைய பல்பொடி மீதே டெல்லியில் வழக்கு வந்தது. பச்சைப் புள்ளி போட்டுவிட்டு உள்ளே கணவாய் ஓடு சேர்க்கிறார்கள் என்பது மனுதாரரின் புகார். நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது.

#10 திருப்பூர் தோழன்

சட்டத்தில் ஏற வேண்டும் என்கிறீர்கள். சட்டம் யார் கையில் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு, ஹலால் சான்றிட்ட பொருட்களை மாநிலத்துக்குள் விற்கத் தடை போட்டது. ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு. வெளிநாட்டு முஸ்லிமுக்கு விற்கலாம், லக்னோவில் இருக்கும் முஸ்லிமுக்கு விற்கக் கூடாது. கல்முனைச் சகோதரி சொன்னதும் இதுவும் ஒன்றுதான்.

டெல்லி உத்தரவு நல்ல உத்தரவு. அதை நான் ஏற்கிறேன். எந்த மதமும் இல்லாத எனக்கும் என் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆனால் பொருளின் மூலத்தைக் கேட்பதோடு, அதைச் செய்தவருக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை என்பதையும் பாக்கெட்டில் எழுதச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தால் நானும் உங்கள் வரிசையில் நிற்பேன்.

#11 கல்முனை வாசகி

அந்த வரிசையில் நானும் வருகிறேன் தோழர். எங்கள் நாட்டில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவது அதைத்தான்.

#12 புது_வரவு

அனைவருக்கும் வணக்கம், இது என் முதல் பதிவு. என் அம்மா தீவிர சைவம். அவர் தினமும் சாப்பிடும் கேப்ஸ்யூல் மாத்திரையின் உறை மாட்டு எலும்பிலிருந்து செய்வது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நேற்றிலிருந்து சாப்பிட மறுக்கிறார். என்ன செய்யலாம்?

#13 வைகைக்கரையான்

முதலில் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். டாக்டருக்கு இன்றே போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள்.

பெரும்பாலான கேப்ஸ்யூல் உறைகள் ஜெலட்டினால் ஆனவை. ஜெலட்டின் மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருவது. தாவர செல்லுலோஸில் செய்த உறைகளும் உண்டு. பெட்டியிலோ உள்ளே இருக்கும் தாளிலோ உறையின் பொருள் ஹைப்ரோமெல்லோஸ் என்று இருந்தால் அது தாவர உறை. அதே மருந்து உறையில்லாத மாத்திரையாகவோ திரவமாகவோ கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல மருந்துகளுக்குக் கிடைக்கும். உறையைப் பிரித்து மருந்தை மட்டும் கொடுக்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால், டாக்டர் சொல்லாமல் செய்யாதீர்கள். சில மருந்துகள் குடலில் கரைய வேண்டும் என்றே அப்படிச் செய்திருப்பார்கள்.

#14 கல்முனை வாசகி

எங்கள் பக்கமும் இதே கேள்வி வரும். வேறு மருந்து இல்லாத நிலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று பல உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அம்மா மதிக்கும் பெரியவர் யாராவது இருந்தால் அவரை விட்டே அம்மாவிடம் பேசச் சொல்லுங்கள், பிள்ளைகள் சொல்வதைவிட அது எடுபடும். மருந்தின் பெயரை இங்கே போட வேண்டாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்று கிடைத்ததா என்று மட்டும் எழுதுங்கள்.